கடலோரச் சிற்றூரில் குடும்பத்துடன் குடியேற: ஊர் தேடுவதிலிருந்து முகவரி மாற்றுவது வரை

வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் வசதி கிடைத்த குடும்பங்கள் பலவும் "கடலோரமாக ஒரு சின்ன ஊரில் போய் இருந்துவிடலாமா" என்று யோசிக்கின்றன. நாங்களும் அப்படி யோசித்து, மரக்காணத்திலிருந்து குளச்சல் வரை பல ஊர்களில் விசாரித்து, தரங்கம்பாடியை ஒட்டிய பொறையாரில் குடியேறினோம். அந்த அலைச்சலில் சேர்த்த விவரங்களை, எங்களுக்குப் பின்னால் வருகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன். கடல் எல்லா ஊரிலும் அழகாகத்தான் இருக்கிறது; குடும்பத்துக்கு ஏற்ற ஊர் எது என்பதைத் தீர்மானிப்பவை, கடலுக்கு முதுகைக் காட்டி நின்றால் தெரிகிறவை. ஆகவே கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். வீடு பார்ப்பது ஆறாவது படிதான்; தரகர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் அதை முன்னால் இழுக்காதீர்கள்.

1. மருத்துவமனை உள்ள நகரத்திலிருந்து தொடங்குங்கள்

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, நெஞ்சுவலிக்கு உடனே சிகிச்சை தரக்கூடிய பெரிய தனியார் மருத்துவமனையோ இருக்கும் நகரங்களை முதலில் வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய கடலோர ஊர்களை மட்டும் பட்டியலில் வையுங்கள். இந்த ஒரு சல்லடையிலேயே பாதி ஊர்கள் கழிந்துவிடும்.

பரங்கிப்பேட்டைக்குச் சிதம்பரம் சுமார் 20 கி.மீ.; அண்ணாமலை நகரில் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. திருச்செந்தூருக்குத் தூத்துக்குடி சுமார் 40 கி.மீ. குளச்சலுக்கு நாகர்கோவிலும் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியும் பக்கம். அதிராம்பட்டினத்துக்குப் பட்டுக்கோட்டை 12 கி.மீ. தூரத்திலேயே இருந்தாலும், பெரிய சிகிச்சை என்றால் தஞ்சாவூர் வரை போக வேண்டும். இராமேசுவரம் கொஞ்சம் தனி. அங்கிருந்து இராமநாதபுரம் சுமார் 55 கி.மீ.; அங்கே 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது பெரிய ஆறுதல் என்றாலும், சிக்கலான நோய்க்கு மதுரை போவதென்றால் 170 கி.மீ. வயதான பெற்றோரை அழைத்துச் செல்லும் குடும்பம் இந்தத் தூரத்தை ஆம்புலன்சில் படுத்துக்கொண்டு போவதாக எண்ணிப் பார்த்து முடிவெடுக்க வேண்டும்.

கி.மீ. கணக்கை மட்டும் நம்பாதீர்கள். ஊருக்குப் போனதும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று, இரவில் மருத்துவர் இருப்பாரா, 108 வண்டி எங்கே நிற்கிறது, வர எவ்வளவு நேரமாகும் என்று கேளுங்கள். பிறகு வீட்டுப் பெரியவர்களின் மாத்திரைச் சீட்டை எடுத்துக்கொண்டு கடைத்தெருவில் உள்ள மருந்துக் கடைகளில் காட்டுங்கள். என் அம்மாவின் சீட்டை நீட்டியபோது பல ஊர்களில் கிடைத்த பதில், "நாளைக்கு வரவழைச்சுத் தர்றேங்க" என்பதுதான். இரத்த அழுத்த மாத்திரைக்கு அந்தப் பதில் போதும். ஆனால் இன்சுலின் போன்ற மருந்து கடையின் குளிர்பெட்டியில் உண்மையிலேயே இருக்கிறதா, மின்சாரம் போனால் அந்தப் பெட்டிக்கு மாற்று ஏற்பாடு உண்டா என்பதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையோ, தனியார் காப்பீடோ வைத்திருப்பவர்கள், தாங்கள் போகப்போகும் மருத்துவமனை அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று எழுத்துமூலம் உறுதிசெய்துகொள்ளுங்கள். எங்கள் பகுதியில் அவசரத்துக்குக் கிட்டத்தில் இருப்பது காரைக்கால், அது புதுச்சேரி ஒன்றியப் பிரதேசம். எல்லை தாண்டியதும் எந்த அட்டை செல்லும், எது செல்லாது என்பதை நோய் வந்த பிறகு விசாரிக்க முடியாது.

2. அது எந்தக் கடல் என்று பாருங்கள்

தமிழகக் கடற்கரை முழுவதும் ஒரே மாதிரி இல்லை. மரக்காணம் முதல் வேதாரண்யம் வரையிலான கரை புயல்கள் நேரடியாக ஏறுகிற பகுதி. 2011 டிசம்பர் 30-இல் "தானே" புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையிலும், 2018 நவம்பர் 16-இல் கஜா வேதாரண்யம் அருகிலும், 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகிலும் கரையைக் கடந்தன. கஜாவுக்குப் பிறகு டெல்டாவின் பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவருக்கு, அந்த நாட்களில் எங்கே போய் உட்காருவது என்ற பதில் முன்கூட்டியே இருக்க வேண்டும்.

கோடியக்கரையைத் தாண்டியதும், அதிராம்பட்டினம், தொண்டி, தேவிபட்டினம் பக்கம் பாக் நீரிணை ஆழமற்றது, அலை குறைந்தது, பல இடங்களில் சேறு. குழந்தைகள் மணலில் விளையாடி அலையில் நிற்பார்கள் என்ற கற்பனையோடு போகிறவர்கள் அங்கே ஏமாறுவார்கள். அமைதி தேடுகிறவர்களுக்கு அதுவே பிடித்துப்போகலாம்.

திருச்செந்தூர், காயல்பட்டினம் பக்கம் புயல் அபூர்வம் என்பதால் ஆபத்தே இல்லை என்று தரகர்கள் சொல்வார்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை பெய்தது, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கி நின்றது. ஆகவே, "புயல் வருமா" என்று கேட்பதோடு நிறுத்தாமல், "அந்த வெள்ளத்தில் இந்தத் தெருவில் எது வரை தண்ணீர் நின்றது" என்று கேளுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் கை வைத்துக் காட்டிவிடுவார். அதைவிட நம்பகமான ஆவணம் கிடையாது.

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் இரண்டு பருவமழையும் உண்டு. ஆனி, ஆடியில் கடல் ஊருக்குள் ஏறும். மழையோ காற்றோ இல்லாத நாளிலும் "கள்ளக்கடல்" என்று அங்குள்ளவர்கள் சொல்லும் பேரலை திடீரென்று வரும். தூண்டில் வளைவும் (கடலுக்குள் நீட்டிய கல் தடுப்பு) கற்சுவரும் போட்டிருக்கும் இடத்தில் வீடு பார்த்தால், அவற்றை எதற்காகப் போட்டார்கள் என்று யோசித்துவிட்டு மேலே பேசுங்கள்.

3. தண்ணீரைச் சோதித்த பிறகே வாடகை பேசுங்கள்

கடலோர ஊரில் கிணற்று நீர் தெருவுக்குத் தெரு மாறும். ஒரு வீட்டில் இளநீர்போல இனிக்கும். நான்கு வீடு தள்ளி வாயில் வைக்க முடியாது. இறால் பண்ணைகளும் உப்பளங்களும் அருகில் இருந்தால் இன்னும் கவனம் தேவை. வேதாரண்யம், மரக்காணம் பக்கம் வீடு பார்ப்பவர்கள் சுற்றுவட்டத்தில் இவை எங்கே இருக்கின்றன என்று செயற்கைக்கோள் வரைபடத்தில் முதலிலேயே பார்த்துவிடலாம்.

நீரில் கரைந்துள்ள உப்பு முதலியவற்றை அளக்கும் கையடக்க டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். சில நூறு ரூபாய்தான். குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயப்படி கரைந்துள்ள திடப்பொருள் லிட்டருக்கு 500 மி.கி. வரை ஏற்கத்தக்கது, வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை அனுமதி. மீட்டர் 2,000-க்கு மேல் காட்டும் வீட்டை, வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும், கடந்துபோய்விடுங்கள். அந்தத் தண்ணீரில் துணி மஞ்சளிக்கும், சோப்பு நுரைக்காது, தலைமுடி பிசுக்காகும், வாட்டர் ஹீட்டர் சீக்கிரம் போய்விடும். மீட்டர் இல்லாவிட்டால், ஒரு எவர்சில்வர் தட்டில் அந்த நீரை ஊற்றி வெயிலில் காயவையுங்கள். தட்டில் படியும் வெள்ளை வளையமே விடை சொல்லும். வாங்கும் எண்ணம் இருந்தால், குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் செலுத்தி முறையான பரிசோதனை அறிக்கை பெறுவது நல்லது.

குழாய் நீரைப் பொறுத்தவரை, இணைப்பு இருக்கிறதா என்பதைவிட எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, சித்திரை வைகாசியில் எப்படி, லாரித் தண்ணீர் என்ன விலை என்ற மூன்றையும் கேளுங்கள். இராமநாதபுரம் மாவட்டக் கடலோர ஊர்கள் வெகு தொலைவிலிருந்து வரும் காவிரிக் கூட்டுக் குடிநீரை நம்பியிருப்பவை. வழியில் குழாய் உடைந்தால் கடைசியில் இருக்கும் ஊருக்குத்தான் முதலில் தட்டுப்பாடு.

4. பள்ளி: மாநில எல்லையைத் தாண்டுகிறீர்களா என்று பாருங்கள்

தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்கு எந்த ஊரிலும் சிரமமில்லை. ஒன்பதாம் வகுப்புக்கு மேல்தான் சிக்கல் தொடங்குகிறது. சிறிய ஊர் மேல்நிலைப் பள்ளியில் எல்லாப் பாடப்பிரிவுகளும் இருக்காது. பிள்ளை விரும்பும் பிரிவு அங்கே இருக்கிறதா, அதற்கு நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா என்று தலைமையாசிரியரிடமே நேரில் கேளுங்கள். சி.பி.எஸ்.இ. பள்ளி வேண்டுமென்றால் பெரும்பாலும் பக்கத்து நகரத்துக்குப் பள்ளிப் பேருந்தில் அனுப்ப வேண்டியிருக்கும். பத்தாம் வகுப்பிலோ பன்னிரண்டாம் வகுப்பிலோ பிள்ளை இருக்கும் ஆண்டில் குடிபெயரவே பெயராதீர்கள்.

அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு கண்ணி இருக்கிறது. மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு பெற, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது அடிப்படை நிபந்தனை. பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கான அதே ஒதுக்கீட்டுக்கும், உயர்கல்வி பயிலும் மாணவிகளுக்கான புதுமைப் பெண், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய் உதவிக்கும் ஆறாம் வகுப்பிலிருந்து பார்க்கிறார்கள். காரைக்கால் அழகான, வசதியான ஊர்தான். ஆனால் பிள்ளையை அங்குள்ள பள்ளிக்கு மாற்றினால் இந்தச் சங்கிலி அறுந்துவிடும். வாடகை சற்றுக் கூடினாலும் எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு காரைக்காலின் வசதிகளைப் பயன்படுத்தலாம் என்று நாங்கள் முடிவு செய்ததற்கு இது முக்கியக் காரணம்.

மாற்றுச் சான்றிதழ் கையில் கிடைத்துவிட்டது என்பதோடு வேலை முடிந்துவிட்டதாக எண்ண வேண்டாம். பழைய பள்ளி, கல்வி மேலாண்மைத் தகவல் முறைமையான எமிஸ் தளத்தில் பிள்ளையின் பெயரைத் தன் பட்டியலிலிருந்து விடுவித்துப் பொதுத் தொகுப்புக்கு, அதாவது எல்லோரும் சொல்லும் "காமன் பூலுக்கு", அனுப்ப வேண்டும். அதைச் செய்யாதவரை புதிய பள்ளியால் சேர்க்கையைப் பதிவுசெய்ய முடியாது. எங்கள் பிள்ளைகள் படித்த பள்ளி இந்த ஒரு சொடுக்கைத் தள்ளிப்போட்டதால், புதிய பள்ளியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தும் வருகைப் பதிவில் பெயர் ஏறாமல் வெகுநாள் இழுத்தது. சான்றிதழ் வாங்கும் அன்றே அலுவலக எழுத்தர் பக்கத்தில் நின்று, பெயர் விடுவிக்கப்பட்டதைத் திரையில் பார்த்துவிட்டு வாருங்கள்.

5. ஐப்பசியில் ஒருமுறை, சித்திரையில் ஒருமுறை தங்குங்கள்

தை, மாசியில் எந்தக் கடலோர ஊரும் சொர்க்கம். அந்த மாதங்களில் பார்த்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையில் ஒரு வாரமும், ஏப்ரல் மேயில் ஒரு வாரமும் விடுதியில் தங்காமல் ஏதாவது வீட்டு மாடியில் தங்கிப் பாருங்கள். மழைக்காலத்தில் வடிகால், மின்தடை, இணையம், கொசு ஆகியவை தெரிந்துவிடும். கோடையில் தண்ணீரும் புழுக்கமும் தெரியும்.

கோயில், தேவாலயம், தர்கா உள்ள ஊர்களில் திருவிழாக் காலத்தில் ஒரு நாள் போய்ப் பாருங்கள். வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரையும், திருச்செந்தூரில் கந்த சஷ்டியின்போதும், குலசேகரன்பட்டினத்தில் தசராவின்போதும் உங்கள் தெருவுக்குள் உங்கள் வண்டியே போக முடியாது. அத்தகைய ஊர்களில் வீட்டுக்காரர்கள் மாத வாடகையைவிட நாள் வாடகையை விரும்புவதால், நல்ல வீடு கிடைப்பதும் கடினம்.

தங்கியிருக்கும் நாட்களில் ஊரின் அமைப்பையும் தெரிந்துகொள்ளுங்கள். மீனவக் குடியிருப்புகளில் ஊர்ப் பஞ்சாயத்து, காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் போன்ற ஊர்களில் ஜமாஅத், மணப்பாடு, உவரி பக்கம் ஆலயம் என்று முடிவெடுக்கும் அமைப்புகள் இருக்கின்றன. தலைக்கட்டு வரி (குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஊர் வசூலிக்கும் பணம்) வாங்கும் ஊரில், வாடகைக்கு வருகிறவரும் தர வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள். சில தெருக்களில் வீடு கேட்டால் முதல் கேள்வியே "நீங்க என்ன ஆளுங்க" என்பதாக இருக்கும். பிடிக்கிறதோ இல்லையோ, அந்தத் தெருவில் உங்கள் பிள்ளைகள் எப்படி நடத்தப்படுவார்கள் என்பதற்கு அது ஒரு முன்னறிவிப்பு. அங்கே வாதாடி வீடு பிடிப்பதில் பயனில்லை.

6. வாடகை வீடு: பார்க்க வேண்டியவை, எழுத வேண்டியவை

குறைந்தது ஒரு மழைக்காலம் முழுவதும் வாடகையில் இருக்காமல் எதையும் வாங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

வீடு பார்க்கும்போது கூடத்தின் அழகில் மயங்காமல் குனிந்து பாருங்கள். சுவரின் அடியில், தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை, பெயின்ட் பொரிந்து உப்புப் பூத்திருக்கிறதா. ஜன்னல் கம்பி சட்டத்தில் சேரும் இடத்தில் துரு தின்றிருக்கிறதா. மீட்டர் பெட்டியின் அடித்தகடு கையால் தொட்டால் உதிர்கிறதா. மேல்தளத்தில் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறதா என்று பாருங்கள். புதிதாகச் சுண்ணாம்பு அடித்த வீட்டில் அலமாரிக்குப் பின்னால் உள்ள சுவரைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மனையின் தரைமட்டம் சாலையைவிடத் தாழ்ந்திருந்தால் ஐப்பசியில் நீங்கள் தூங்கப்போவதில்லை. கடலை நேராகப் பார்த்த வீட்டைவிட, இரண்டு மூன்று தெரு உள்ளே தள்ளி, மரங்களின் மறைவில் இருக்கும் வீடு எல்லாப் பொருட்களுக்கும் ஆயுள் கூட்டும்.

ஒப்பந்தத்தை எழுத்தில் போடுங்கள். "நம்ம ஊர்ல அதெல்லாம் எதுக்கு சார்" என்பார்கள். பள்ளி, எரிவாயு, ஆதார், வங்கி என்று எங்கே போனாலும் முதலில் கேட்பது அதைத்தான். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, நகராட்சி, பேரூராட்சிப் பகுதிகளில் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை 90 நாட்களுக்குள் வாடகை அதிகாரியிடம் இணையம் வழியாகப் பதிந்து பதிவு எண் பெற வேண்டும். பதினொரு மாத ஒப்பந்தத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டியதில்லை என்பதைக் காட்டி இதையும் தட்டிக்கழிப்பார்கள். இரண்டும் வேறு வேறு. முன்பணம், தனியாக வேறு உடன்பாடு எழுதாதவரை, மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்பது அதே சட்டத்தின் விதி. புயலில் ஓடு பறந்தால், மோட்டார் போனால், வருடாந்தர வெள்ளையடிப்பு வந்தால் யார் செலவு என்பதை ஒவ்வொன்றாக எழுதிவிடுங்கள்.

தென்மாவட்டங்களில் ஒத்திக்கும் டெல்டாவில் போக்கியத்துக்கும் வீடு தருவதாகச் சொல்வார்கள். பெரிய தொகையைக் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் இருக்கலாம் என்பது கவர்ச்சியாகத்தான் இருக்கும். பதிவு செய்யப்படாத ஒத்திப் பத்திரத்தை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். வீட்டின் மேல் ஏற்கெனவே வங்கிக் கடன் இருக்கிறதா என்று வில்லங்கம் பார்க்காமலும் கொடுக்காதீர்கள்.

7. மனையோ வீடோ வாங்குவதென்றால்

கேட்க வேண்டிய ஆவணங்கள்: தாய்ப்பத்திரம் முதல் தற்போதைய பத்திரம் வரை தொடர்ச்சியாக எல்லா நகல்களும், குறைந்தது 30 ஆண்டுகளுக்கான வில்லங்கச் சான்றிதழ், பட்டா, ஏ-பதிவேட்டுப் பிரதி (நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும் வருவாய்த்துறைப் பதிவேடு), புலப்பட வரைபடம் (நிலத்தின் எல்லை அளவுகள்), வீட்டு வரி மற்றும் மின்கட்டண ரசீதுகள், உரிமையாளர் இறந்திருந்தால் வாரிசுச் சான்றிதழ். வில்லங்கத்தைப் பதிவுத்துறையின் இணையதளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். பட்டாவும் ஏ-பதிவேடும் வருவாய்த்துறையின் இணையச் சேவையில் கிடைக்கும். ஆவணங்களைத் தரகர் கையிலிருந்து மட்டும் வாங்கிப் பார்க்காமல், புல எண்ணைக் கேட்டு நீங்களே இறக்கி ஒப்பிடுங்கள். பிறகு உள்ளூர்ச் சார்பில்லாத வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிக் கருத்துரை வாங்குங்கள்.

கடலோரத்துக்கே உரிய கண்ணிகள் சில உண்டு.

முதலாவது, அடிமனை. நாகை, மயிலாடுதுறை பக்கம் கட்டடம் ஒருவருடையதாகவும் நிலம் கோயிலுடையதாகவும் இருக்கும் வீடுகள் ஏராளம். பத்திரம் இருக்கும், வரி ரசீது இருக்கும், மூன்று தலைமுறையாகக் குடியிருப்பார்கள். ஆனால் மண் அவர்களுடையது அன்று. ஏ-பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும். வக்ஃபு நிலத்துக்கும் ஆலய நிலத்துக்கும் இதே சோதனைதான்.

இரண்டாவது, அரசு கொடுத்த ஒப்படைப்புப் பட்டாக்களும், 2004 சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீடுகளும். இவற்றில் விற்பனைக்கு நிபந்தனைகள் உண்டு. குறைந்த விலைக்கு "கைமாற்றிக்" கொடுப்பதாகச் சொன்னால் அந்த இடத்திலேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, கடலோர ஒழுங்குமுறை மண்டலம். இதைப் பற்றி எந்தத் தரகரும் தானாகச் சொல்லமாட்டார். மத்திய அரசின் 2011 அறிவிக்கையின்படி, ஊரகக் கடற்கரையில் உயர் அலைக்கோட்டிலிருந்து (கடல்நீர் ஏறி வரும் உச்ச எல்லை) 200 மீட்டர் வரை புதிய கட்டுமானத்துக்கு இடமில்லை. 500 மீட்டர் வரை கட்டுப்பாடுகள் உண்டு. 2019 அறிவிக்கை, மக்கள் அடர்த்தி மிகுந்த ஊரகப் பகுதிகளுக்கு 200 என்பதை 50 ஆகக் குறைத்தது. ஆனால் அதன்படியான வரைபடம் ஒப்புதல் பெற்றால்தான் அது அந்த இடத்துக்குப் பொருந்தும். பேரூராட்சி, நகராட்சிக்குள் விதி வேறு: ஏற்கெனவே உள்ள சாலைக்கோ அனுமதி பெற்ற கட்டடத்துக்கோ உட்புறமாக மட்டுமே கட்டலாம். பலர் கவனிக்காத இன்னொன்று, கடலேற்றம் வந்துபோகும் கழிமுகம், உப்பாறு, ஓடை ஆகியவற்றின் கரைக்கும் இந்த மண்டலம் நீள்கிறது. கடலிலிருந்து இரண்டு கி.மீ. உள்ளே இருக்கும் மனைகூட ஓர் உப்போடைக்குப் பக்கத்தில் இருந்தால் மாட்டிக்கொள்ளும். புல எண்ணைக் கொடுத்து மாவட்டச் சுற்றுச்சூழல் அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டுப் பதில் வாங்குங்கள். பதிலுக்குக் காத்திருக்கும் காலத்தில் முன்பணம் கொடுக்காதீர்கள். இந்த மண்டலத்துக்குள் வரும் மனைக்கு வங்கிகள் கடன் தருவதற்கும் தயங்கும்.

நான்காவது, அங்கீகாரமில்லாத மனைப்பிரிவு. 2016 அக்டோபர் 20-க்கு முன் மனையாகப் பதிவாகாத, வரன்முறையும் செய்யப்படாத மனையைப் பதிய முடியாது. குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியதிலிருந்து அந்தச் சுற்றுவட்டாரத்தில் கொடி நட்டு மனை விற்பவர்கள் பெருகியிருக்கிறார்கள். ஏவுதளம் வந்தால் விலை ஏறும் என்பதைக் கேட்டு மனை வாங்குவது வணிகம். குடும்பத்தோடு குடியிருக்க இடம் தேடுபவர் நகர் ஊரமைப்பு இயக்கக அனுமதி எண்ணை மட்டும் கேட்டால் போதும்.

கீழக்கரை, அதிராம்பட்டினம், காரைக்கால் போன்ற ஊர்களில் வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருப்பார். விற்பவர் பொது அதிகாரப் பத்திரம் வைத்திருக்கும் முகவராக இருப்பார். அந்த அதிகாரம் ரத்தாகாமல் நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். அதிகாரம் கொடுத்தவர் உயிருடன் இருப்பதற்கான சான்றையும் பதிவின்போது கேட்பார்கள். முடிந்தால் உரிமையாளரோடு காணொளியில் ஒருமுறை பேசிவிடுங்கள்.

செலவு: விற்பனைப் பத்திரத்துக்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு, பத்திரத்தில் எழுதும் விலை ஆகிய இரண்டில் எது கூடுதலோ அதன் மேல் கணக்கிடுவார்கள். 20 லட்சம் ரூபாய்க்கு 1,80,000 ரூபாய் ஆகும். 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைகிறது. வழக்கறிஞர், பத்திர எழுத்தர், நில அளவை, உட்பிரிவுப் பட்டா ஆகியவற்றுக்குத் தனியாக ஒதுக்குங்கள். உட்பிரிவு செய்ய வேண்டிய பட்டாவுக்கு நில அளவர் நேரில் வர வேண்டியிருப்பதால் மாதங்கள் ஆகலாம்.

8. மாதச் செலவில் எது குறையும், எது கூடும்

வாடகை குறையும். காய்கறி அவ்வளவாகக் குறையாது. மீன் எப்போதும் மலிவாகக் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்க, நாட்டுப்படகு மீன் யானை விலைக்குப் போகும். குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் இந்தத் தடை ஜூன், ஜூலையில் வருகிறது.

கூடுவது உப்புக்காற்றின் செலவு. ஏ.சி.யின் வெளி அலகில் உள்ள அலுமினியத் தகடுகள் விரல் பட்டால் பொடியாகும் அளவுக்கு அரித்துப்போகும். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவினால் ஆயுள் நீளும். குளிர்பெட்டியின் அடிப்பாகம், மின்விசிறி மூடி, பூட்டு, கீல், சைக்கிள் சங்கிலி எல்லாம் துருப்பிடிக்கும். விலையுயர்ந்த இரும்புச் சாமான்களை நகரத்திலேயே விற்றுவிட்டு வருவது லாபம். வேலைக்கு இணையம் அவசியமென்றால் இரண்டு வெவ்வேறு நிறுவன இணைப்புகளும், இன்வெர்ட்டரும் முதல் மாதச் செலவிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

9. எப்போது பெயர்வது, எதை முதலில் மாற்றுவது

மே மாதக் கடைசி வாரம் மிகப் பொருத்தமானது. பள்ளி திறப்பதற்கு முன் சேர்க்கை முடியும். மழைக்கு முன் ஓடு மாற்ற, வடிகால் சரிசெய்ய நான்கு மாதங்களுக்கு மேல் கிடைக்கும். சாமான் லாரியை அக்டோபருக்குப் பிறகு ஏற்றுவதைத் தவிர்த்துவிடுங்கள்.

வாடகை ஒப்பந்தப் பதிவு எண் வந்ததும் முதலில் ஆதாரில் முகவரி மாற்றுங்கள், இணையத்திலேயே செய்யலாம். அடுத்து குடும்ப அட்டை. மாநிலத்துக்குள் என்றால் பொது விநியோகத் துறையின் தளத்தில் முகவரி மாற்றத்துக்கு விண்ணப்பித்தால் புதிய கடை ஒதுக்குவார்கள். மாநிலம் மாறினால் பழைய அட்டையை ஒப்படைத்துச் சான்று வாங்க வேண்டும். எரிவாயுவுக்குப் பழைய முகவரிடம் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து மாற்று வவுச்சரை, ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே வாங்கிக்கொள்ளுங்கள்; இதற்காக மட்டும் திரும்பிப் போவது வீண்செலவு. வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8.

வாகனப் பதிவுச் சான்றில் 30 நாட்களுக்குள் முகவரி மாற்ற வேண்டும். காரைக்கால் போன்ற வேறு நிர்வாகப் பகுதிக்குப் போனால், பழைய வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தடையில்லாச் சான்று பெற்று, 12 மாதங்களுக்கு மேல் அங்கேயே வண்டியை வைத்திருந்தால் மறுபதிவு செய்து வரி கட்ட வேண்டும். வண்டியின் மேல் கடன் இருந்தால் இரண்டுக்குமே வங்கியின் ஒப்புதல் கடிதம் கேட்பார்கள். அந்தக் கடிதம் கடன் வாங்கிய கிளையில்தான் எளிதாகக் கிடைக்கும் என்பதால், சாமான் கட்டத் தொடங்கும் வாரத்திலேயே போய் விண்ணப்பித்துவிடுங்கள்.